ஒரு கிலோ ஆலங்கட்டி!

கோடை மழையோடு நாலு ஆலங்கட்டி விழுந்தால் போதும், வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார்கள். பட்டாணி அளவு ஐஸ் என்ன செய்துவிடும் என்று நாமும் விட்டுவிடுவோம்.

1986, ஏப்ரல் 14. நாம் சித்திரைப் பிறப்பு கொண்டாடும் நாள். அன்று வங்கதேசத்தின் கோபால்கஞ்ச் பகுதியில் விழுந்த ஓர் ஆலங்கட்டியின் எடை 1.02 கிலோ! மளிகைக் கடையில் வாங்கும் ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட் வானத்திலிருந்து தலைமேல் விழுந்தால் எப்படி இருக்கும்? அந்தப் புயலில் 92 பேர் இறந்ததாகப் பதிவாகியிருக்கிறது. உலகிலேயே எடை மிகுந்த ஆலங்கட்டி என்று உலக வானிலை அமைப்பு குறித்து வைத்திருப்பது இதைத்தான்.

இதைவிடக் கொடியது நம் நாட்டிலேயே நடந்தது. 1888, ஏப்ரல் 30 அன்று உத்தரப்பிரதேசத்தின் மொராதாபாத் அருகே ஆலங்கட்டி மழைக்கு 246 பேர் பலியானார்கள். கிரிக்கெட் பந்து அளவுக் கட்டிகள் விழுந்தனவாம்.

இரண்டுமே ஏப்ரல். வெயில் கொளுத்தும் மாதத்தில் ஐஸ் எங்கிருந்து வருகிறது?

அந்த வெயில்தான் காரணமே. வங்கதேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் தரை காய்கிறது. வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. உயரத்திலோ மேற்கிலிருந்து வறண்ட, குளிர்ந்த காற்று வீசுகிறது. கீழே சூடும் ஈரமும், மேலே குளிர்ச்சியும் சேர்ந்தால், காற்று குபுகுபுவென மேலே எழும்பி ராட்சத இடிமேகமாகிறது. வங்காளிகள் இந்தப் புயலை ‘கால்பைசாகி’ என்பார்கள்.

மேகத்தின் உச்சியில் கடுங்குளிர். அங்கே உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள், சின்ன ஐஸ் துணுக்கில் ஒட்டியதும் உறைகின்றன. கீழிருந்து மேலே பாயும் காற்று அதை விழவிடாமல் தாங்குகிறது. கட்டியை வெட்டிப் பார்த்தால் வெங்காயம்போல் அடுக்கடுக்காக இருக்கும். காற்று எவ்வளவு வேகமோ, கட்டி அவ்வளவு பெரிதாகும். காற்றால் தாங்க முடியாத எடை வந்ததும் தரையை நோக்கி விழுகிறது.

வெளியில் இருக்கும்போது ஆலங்கட்டி விழ ஆரம்பித்தால் கான்கிரீட் கூரைக்குக் கீழே போய்விடுங்கள். மரத்தடி வேண்டாம், ஆலங்கட்டியோடு மின்னலும் வரும். ஒதுங்க இடமே இல்லையென்றால் பையோ, கையோ தலையைக் காக்கட்டும். வீட்டுக்குள் கண்ணாடி ஜன்னலை விட்டுத் தள்ளி நில்லுங்கள்.

பிள்ளைகள் டம்ளரோடு கிளம்பினால், “இடி நிக்கட்டும்டா கண்ணு” என்று பிடித்து உட்காரவையுங்கள். அதற்குள் ஐஸ் கரைந்துவிடும் என்று அழுவார்கள். அழட்டும், பரவாயில்லை!