மணி பார்க்க மட்டுமா?



சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஞாயிறு மாலை, பொறியாளராகப் பணிபுரியும் இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். "சாமி, என் சம்பாத்தியத்தில் ஓர் உயர்ந்த கைக்கடிகாரம் வாங்க ஆசை. எதை வாங்குவது என்றுதான் மூன்று மாதங்களாகத் தெளிவு பிறக்கவில்லை" என்றார். விலையை வினவினேன். சில இலட்சம் ரூபாய் என்றதும் திடுக்கிட்டேன். "சில நூறு ரூபாய்க்கு வாங்கிய என் கடிகாரம் சரியான மணியைத்தானே காட்டுகிறது?" என்று கடிந்துகொள்ள வாயெடுத்தேன். நல்லவேளையாக, முதலில் அவரைப் பேசவிட்டேன்.

உண்மையில், மணி பார்ப்பதற்காக எவரும் இத்தகைய கடிகாரத்தை வாங்குவதில்லை. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் ஜப்பானின் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேட்டரியால் இயங்கும் அவ்வகைக் கடிகாரங்கள் விரைவிலேயே மலிந்தன. 1970இல் ஏறத்தாழ 90,000 பேர் பணியாற்றிய சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கினரே எஞ்சினர். சுருள்வில்லும் பற்சக்கரங்களும் கொண்ட பழைய கடிகாரம் அத்துடன் ஒழிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் அது கைவினைப் பொருளாக, ஆடம்பரப் பொருளாக மீண்டும் எழுந்தது. சுவிட்சர்லாந்தின் அதிகாரபூர்வச் சோதனை அமைப்பு, நாளொன்றுக்கு 4 வினாடி பின்தங்குவதையும் 6 வினாடி முந்துவதையும் ஏற்றுக்கொள்கிறது. சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரமோ மாதம் முழுவதற்குமே 15 வினாடி அளவில்தான் பிசகும்!

அப்படியாயின், ஆர்வலர்கள் எதைக் கண்டு மயங்குகின்றனர்? பெரும்பாலும் ஒரு கதையைக் கண்டுதான். நம் இளைஞரின் மனத்தில் மூன்று கடிகாரங்கள் இருந்தன. முதலாவது, கடலில் மூழ்குவோருக்கென 1953இல் உருவான ரோலக்ஸ் சப்மரைனர். இரண்டாவது, இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடி உடையாதிருக்க, முகத்தைப் பின்புறமாகத் திருப்பிவிடும்படி 1931இல் அமைக்கப்பட்ட ஷேஷே-லெகூல்த்ர் ரிவர்சோ. மூன்றாவது, 1957இல் வெளிவந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். வெப்பம், குளிர், அதிர்ச்சி ஆகிய சோதனைகளில் தேறி, 1965இல் நாசாவின் ஒப்புதல் பெற்றது அது. 1969இல் ஆல்ட்ரின் அதை அணிந்தே நிலவில் நடந்தார். 1970இல் பழுதுற்ற அப்பல்லோ 13 விண்கலத்தின் பாதையைத் திருத்த, இயந்திரத்தை 14 வினாடி இயக்க வேண்டியிருந்தபோது, அதைக் கொண்டே நேரம் கணித்தனர்.

"தம்பி, நீ கடலில் மூழ்குவதுமில்லை, குதிரை ஏறுவதுமில்லை, நிலவுக்குச் செல்லப்போவதுமில்லை. இந்த ஆசை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்பு, மறைந்த தம் தந்தையார் அணிந்திருந்த எச்.எம்.டி. ஜனதாவைப் பற்றிக் கூறலானார். காலை எழுந்ததும் தந்தையார் அதற்குச் சாவி கொடுப்பாராம். சில நாள்களில் அப்பணியை மகனிடம் ஒப்படைப்பாராம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961இல் பெங்களூரில் தொடங்கி, நம் நாட்டின் எண்ணற்ற கைகளில் கட்டப்பட்ட கடிகாரம் எச்.எம்.டி. 2016இல் அந்நிறுவனம் மூடப்பட்டது. அவர் வீட்டிலிருந்த கடிகாரமோ பல ஆண்டுகளாக ஓடாமல் பெட்டியில் கிடந்தது.

அவரை வீண்பெருமைக்காரர் என்று எண்ணியதற்காக நான் உள்ளூர வெட்கினேன். ஆயினும் ஒன்றை மறைக்காமல் கேட்டேன்: "பணம் கையில் உள்ளதா?" தவணையில் வாங்க எண்ணியிருந்தார். தங்கையின் கல்லூரிக் கட்டணமும் அவர் பொறுப்பே. "கடனில் வாங்கிய கடிகாரம் நேரத்தைக் காட்டாது, தவணை நாளைத்தான் காட்டும்" என்றேன். ஐந்து முதல் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் பிரித்துத் துப்புரவு செய்து எண்ணெயிட வேண்டும், அதற்கும் பல்லாயிரம் ரூபாய் ஆகும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார்.

முதலில் தந்தையாரின் கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுத்தார். ஈராண்டுகள் அதையே அணிந்துகொண்டு பணம் சேர்த்தார். தங்கையின் படிப்பு முடிந்த பின்னர் கடைக்குச் சென்று, மூன்றையும் மணிக்கட்டில் கட்டிப் பார்த்தார். மற்ற இரண்டையும் ஒதுக்கிவிட்டு ஸ்பீட்மாஸ்டரை எடுத்தார். நிலவுக்காக அன்று, அவர் எடுத்த ஸ்பீட்மாஸ்டர், நாள்தோறும் கையால் சாவி கொடுக்க வேண்டியது என்பதற்காக.

உங்கள் பிள்ளைகள் விலையுயர்ந்த பொருளொன்றை விரும்பிக் கேட்கும்போது, உடனே மறுக்கவும் வேண்டாம்; உடனே இசையவும் வேண்டாம். அவ்விருப்பம் அயலார் கண்ணுக்காகப் பிறந்ததா, நெஞ்சில் பதிந்த நினைவிலிருந்து பிறந்ததா என்று பொறுமையுடன் கேளுங்கள். அயலார் கண்ணுக்கானது காத்திருக்கப் பொறுக்காது. மற்றதோ ஈராண்டும் பொறுத்திருக்கும்.