அங்க மிதிச்சா விடுமுறை, இங்க மிதிச்சா வேலையத்தவள்

போன லீவுக்கு வீட்ட வந்திருந்தப்போ ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போனோம். பந்தி முடிஞ்சு இருக்கேக்க ஒரு அன்ரி ஃபோனை எடுத்து, பிரான்ஸில இருக்கிற மகளும் மருமகனும் சைக்கிளில போன விடுமுறைப் படங்களைக் காட்டினா. போர்தோ பக்கம். இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நடுவில ஒடுங்கின பாதை, கூடையில பாணும் சீஸும். ஒரு நாளைக்கு முப்பது கிலோமீற்றர், அவ்வளவுதான். மிச்ச நேரம் சாப்பாடு, வைன், நித்திரை.

"என்ன வடிவு!" என்று எல்லாரும் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

பிறகு என்ர கதையைச் சொன்னேன். அந்தக் கிழமைதான் திருகோணமலை டவுனிலயிருந்து சைக்கிளில கிண்ணியாவுக்குப் போய், எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். துறைமுகத்தைச் சுற்றி, சீனக்குடா தாண்டி, பாலத்தில நின்று காற்று வாங்கி, ஆறுதலாப் போன பயணம். அன்ரி கேட்ட ஒரே கேள்வி: "ஏன் மகள், பஸ் இல்லையா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில். அன்ரியில எனக்குக் கோபம் இல்லை. கோபம் எல்லாம், எங்கட தலைக்குள்ள இருக்கிற அந்தத் தராசில. ஒரே சைக்கிள், ஒரே வெயில், ஒரே ஊர்ச் சாப்பாடு. அங்க மிதிச்சா விடுமுறை, இங்க மிதிச்சா வேலையத்தவள்.

"அவங்க பணக்காரங்க, அவங்களுக்கு ஓய்வு இருக்கு" என்பீர்கள். அந்த ஓய்வு வானத்திலயிருந்து விழவில்லை. 1936 மே, ஜூன் மாதங்களில் பிரான்ஸ் தொழிலாளர்கள் தொழிற்சாலைகளுக்குள்ளேயே குந்தியிருந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஜூனிலேயே சம்பளத்தோட இரண்டு கிழமை விடுமுறை சட்டமானது. அந்தக் கோடையில் வாழ்க்கையில முதல் தடவையா விடுமுறை எடுத்த ஆட்கள் பலர் எதில போனார்கள்? சைக்கிளில. கார் வாங்க வசதியில்லாத ஆட்கள், இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிளில கடலையும் கிராமத்தையும் பார்க்கப் போனார்கள். இன்றைக்கு நாங்கள் 'கிளாஸ்' என்று வாயைப் பிளந்து பார்க்கிற அந்தப் படத்துக்குப் பின்னால ஏழைகள் அடித்துப் பறித்த உரிமை ஒன்று இருக்கு. போர்தோவிலயிருந்து திராட்சைத் தோட்டங்களுக்கு ஊடாகப் போகிற ஒரு சைக்கிள் பாதை, கைவிடப்பட்ட பழைய ரயில் பாதை. 1937இல் டூர் து பிரான்ஸ் வென்ற ரொஜே லாப்பெபியின் பெயரை அதுக்கு வைத்திருக்கிறார்கள். சைக்கிள்காரனின் பெயரில பாதை!

அதே பிரான்ஸில என்ர மாமா ஒருவர் இருக்கிறார். பாரிஸில ஒரு ரெஸ்டோரன்ற் குசினியில கோப்பை கழுவத் தொடங்கி, இப்ப சமைக்கிறார். எத்தனையோ வருசம். திராட்சைத் தோட்டத்தை இன்னும் கண்ணால கண்டதில்லை. "லீவு கிடைச்சா நித்திரை கொள்ளத்தான் விருப்பம்" என்பார். ஓய்வு சட்டத்தில இருந்தாலும் எல்லார் கைக்கும் ஒரே மாதிரி வந்து சேர்வதில்லை. அதனாலதான் அதை ஆடம்பரம் என்று தள்ளிவிடக் கூடாது என்கிறேன்.

அடுத்தது சாப்பாடு. பிரான்ஸ்காரர் 1935இலேயே ஊர்ப் பெயருக்குச் சட்டக் காவல் போட்டார்கள். ஷம்பேன் பகுதியில செய்யாத வைனுக்கு அங்க ஷம்பேன் என்று பெயர் வைக்கேலாது. மண், மழை, அந்த ஊர் ஆட்களின் கை, எல்லாம் சேர்ந்ததுதான் ருசி என்பது அதன் அர்த்தம். இலங்கைக்கும் இது தெரியாததில்லை. 2022இல் சிலோன் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில அப்படியொரு பெயர்க் காவல் கிடைத்தது.

பனையை எடுங்கோ. பனஞ்சாறு இறக்கிய சில மணித்தியாலத்திலேயே, ஒருத்தரும் ஒன்றும் கலக்காமல், தானாகப் புளிக்கத் தொடங்கும். எந்த மரம், எந்தப் பருவம், எந்த நேரம் என்று ஒவ்வொரு முட்டியும் ஒரு ருசி. வைன்காரர் பக்கம் பக்கமாக எழுதுகிற விசயம் இதுதான். ஆனால் வைன் என்றால் 'ரேஸ்ற்', கள் என்றால் 'சீ'. ஏன்? மது என்பதாலா? இரண்டும் மதுதான். காரணம் மரத்தில ஏறுகிற ஆளின் சாதி. அதை வாய்விட்டுச் சொல்லாமல் 'நாகரிகம்' என்று சொல்லிக்கொள்கிறோம். திராட்சைத் தோட்டக்காரரோட நின்று படம் எடுக்க ஆசைப்படுகிற நாங்கள், சீவல் தொழிலாளி வீட்டில தண்ணி வாங்கிக் குடிக்க யோசிக்கிறோம்.

"குடியால எத்தனை குடும்பம் அழிஞ்சது தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியும். குடித்துவிட்டு வருகிறவனிடம் அடி வாங்குகிற பெண்களின் சத்தம் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். ஒருத்தரையும் குடிக்கச் சொல்லவில்லை, நானும் குடிப்பதில்லை. ஆனால் அந்தக் கோபம் உண்மையென்றால் விஸ்கிப் போத்தலைப் பார்த்தும் வர வேண்டும். கல்யாண வீட்டுப் பின்பக்கத்தில அதைக் கண்டு ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லையே. கள்ளை விடுங்கோ, ஒடியல் கூழையும் பனங்கிழங்கையுமே விருந்தாளிக்குக் குடுக்க வெட்கப்படுகிறோமே, அதில என்ன குடி இருக்கு?

கடைசியா, தெரு. அம்மாவிடம் 'நீங்க சைக்கிளில உலாத்தப் போனதில்லையா' என்று கேட்டேன். சிரித்தா. அவவின் காலத்தில சென்ரிக்குச் சென்ரி இறங்கி உருட்டிக்கொண்டு போகவேணுமாம். டியூசன், கடை, வீடு. அதுக்கு மேல ஒரு அடி போனால் வீட்டில வயிறு கலங்கும். கிண்ணியாவுக்குப் போக 2009இல் பாலம் திறக்கும்வரை பாதைதான், அதாவது அந்த மிதவையில ஏறித்தான் கடக்க வேணும். அம்மாவுக்கு சைக்கிள் என்றால் இறங்கி உருட்டுகிற சாமான். பயம் அவவுக்கு நியாயம்.

எங்களுக்கு? சென்ரி மறித்தது அந்தக் காலம். எங்களை மறிப்பது சந்திக் கடை வாங்கில். ஓ.எல் வரைக்கும் பெட்டைகள் சைக்கிளில போகலாம், அது டியூசன். அதுக்குப் பிறகு ஸ்கூட்டி. காரணமே இல்லாமல், சும்மா, காற்று வாங்க ஒருத்தி தனியச் சைக்கிளில போனால் "எங்க போறீங்க?", "ஆரைப் பார்க்க?" போக இடமும் பார்க்க ஆளும் இருந்தால்தான் பெண் தெருவில நிற்கலாம் என்பது எந்தச் சட்டப் புத்தகத்தில இருக்கு? உப்புவெளியில வெள்ளைக்காரி ஒருத்தி சைக்கிளில போகேக்க இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்பதில்லை. அவவுக்கு வழி காட்டுகிறோம்.

2022இல் பெற்றோல் இல்லாமல் போனபோது எல்லாருமே சைக்கிளில போனோம், உத்தியோகத்தர் உட்பட. ஒருத்தருக்கும் மரியாதை குறையவில்லை. பெற்றோல் வந்ததும் சைக்கிள் திரும்ப வீட்டுக் கோடிக்குப் போய்விட்டது. தேவைக்கு மிதிக்கலாம், சந்தோசத்துக்கு மிதிக்கக் கூடாது என்றால் அதுக்குப் பெயர் வறுமை. காசில்லாத வறுமை இல்லை, மனசில இருக்கிற வறுமை.

போர்தோவுக்குப் போக எனக்கும் ஆசைதான். காசு சேர்ந்தால் போவேன், மாமாவையும் இழுத்துக்கொண்டு. அதுவரைக்கும் காத்திருக்க மாட்டேன். வாற சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு நானும் மூன்று சிநேகிதிகளும் வெளிக்கிடுகிறோம். கிண்ணியாவில தயிர், மூதூரில மத்தியானச் சாப்பாடு, ஏலுமென்றால் சம்பூர் வரைக்கும். யாராவது எங்க போறீங்க என்று கேட்டால் சொல்லப்போகிற பதில் ஒன்றுதான்: "சும்மா."

அன்ரி, பஸ் இருக்கு. தெரியும்.