முன்கூட்டி இளைப்பாறுவோரும் நோய்க் கணக்கும்

எங்கள் ஆசிரியர் அறையிலே இடைவேளைதோறும் எழும் பேச்சு ஒன்றுண்டு. "ஐம்பத்தைந்தோடு விட்டுவிடலாமா?" என்பதே அது. அரச சேவையாளர் 55 வயதிலே தாமாக விரும்பி இளைப்பாறலாம். 60 வயதிலே இளைப்பாறியே தீரல்வேண்டும். இடையிலே அக்கட்டாய வயதை 65 ஆக்கிப் பின்னர் 2022ஆம் ஆண்டின் இடர்ப்பாட்டிலே மீண்டும் 60க்கு இறக்கியமை யாவரும் அறிந்ததே. பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பவர், தோட்டந்துரவு உடையவர், வகுப்பறையிலே சலிப்புற்றவர் எல்லோரும் விரல்விட்டுக் கணக்குப் பார்க்கின்றனர். பணிக்கொடை இவ்வளவு, மாத ஓய்வூதியம் இவ்வளவு, வங்கி வட்டி இவ்வளவு. அக்கணக்கிலே நோய்க்கென ஒரு வரி எழுதியவரை யான் இன்னும் கண்டிலேன்.

என்னோடு பல்லாண்டு படிப்பித்த நண்பர் ஒருவர் 55இல் இளைப்பாறினார். நாள்தோறும் மூன்று மைல் துவிச்சக்கர வண்டியில் வந்து போன திடகாத்திரர். இரண்டாம் ஆண்டிலே நெஞ்சுநோ கண்டது. பெரியாஸ்பத்திரியிலே ஒரு சதமும் வாங்காது அவர் உயிரைக் காத்தனர். அதனை நன்றியோடு சொல்லல்வேண்டும். ஆயின் அடுத்த சோதனைக்கு முறை வரும்வரை காத்திருக்க வீட்டார் துணியவில்லை. தனியார் வைத்தியசாலையை நாடினர். இளைப்பாறிய பின் எடுத்த காப்புறுதிப் பத்திரம் கைவசம் இருந்தது. ஆனால் பத்திரம் எடுக்குமுன்னரே இரத்த அழுத்தம் இருந்ததென்று காட்டி நிறுவனத்தார் கையை விரித்தனர். அவர் மனைவியின் தாலிக்கொடி இன்று அடைவிலே இருக்கின்றது.

இலங்கையிலே அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் 1951ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஏழை நாடொன்று செய்த பெருஞ்செயல் அது. தெல்லிப்பழையிலும் பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் கிளினிக் நாளிலே வரிசையில் நிற்கும் முதியோரைப் பார்த்தால் அதன் அருமை விளங்கும். எனினும் 2022இல் மருந்துகள் அருகியபோது, வெளியிலே வாங்குமாறு துண்டெழுதிக் கொடுத்த அனுபவமும் நமக்கு உண்டு. சலரோகமும் அழுத்தமும் மாதந்தோறும் மருந்து கேட்பவை. நாட்டின் நிதிநிலை சீராகட்டுமென்று அவை பொறுத்திரா.

அரச ஊழியர்க்கென 1997இல் தொடங்கிய 'அக்ரஹார' காப்புறுதி நமக்கு உண்டு. (அக்கிரகாரம் என்றவுடன் அந்தணர் வீதியை எண்ணும் தமிழாசிரியனுக்கு இப்பெயர் பழகச் சில காலம் சென்றது.) சேவையில் இருக்கும்வரை சம்பளத்திலே சிறுதொகை கழிவதால் அதனை நாம் பொருட்படுத்துவதில்லை. இளைப்பாறிய பின் அதன் உரிமை எவ்வளவு தொடரும், எவ்வளவு குறையும், எப்படிவம் நிரப்பவேண்டும் என்பவற்றை விலகற் கடிதம் எழுதுமுன் எழுத்திலே கேட்டுப் பெறுக. என் நண்பர் கேட்கவில்லை. தனியார் காப்புறுதியோ, வயது ஏற ஏறக் கட்டணத்தை ஏற்றுவது. நோய் கண்டவரைக் கண்டால் ஒதுங்குவது. ஆதலின் ஐம்பத்தைந்திலே தேடுவது காலங்கடந்த தேட்டம். தேடவேண்டிய வயது நாற்பது. அவ்வயதைத் தாண்டிய யானும் இதுகாறும் தேடாதவன் என்பதை மறைப்பதற்கில்லை.

மலாயாவிலே புகைவண்டிப் பகுதியிலும் கந்தோர்களிலும் ஊழியஞ்செய்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியோர் குடாநாட்டிலே மலிந்திருந்த காலம் ஒன்றிருந்தது. அக்காலமாகிய 1930ஆம் ஆண்டுகளிலேதான் மூளாயிலே கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது. கிராமத்தவர் தாமே கூடித் தமக்கென வைத்தியசாலை நடத்தலாம் என்பதை வலிகாமம் மேற்கு அன்றே காட்டிற்று. இன்று நாம் வைத்தியசாலை கட்டவேண்டியதில்லை. ஒரு வைத்திய நிதி போதும். அதிலே இளைப்பாறியோர் மட்டும் சேர்ந்தால் ஈராண்டிலே பெட்டி வெறுமையாகும். முப்பது வயது ஆசிரியரும் சுகதேகியாய் இருக்கும்போதே சந்தா கட்டல்வேண்டும். வெளிநாட்டுப் பழைய மாணவர் முதலீட்டை இடலாம்; ஆண்டுச் சந்தாவை இங்குள்ளோர் கட்டலாம்; கணக்கை ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்திலே வாசிக்கலாம்.

யூபிலி நினைவாக வாயில் வளைவு ஒன்று எழுப்புவதெனப் பேசப்படுகின்றது. வளைவு வேண்டாமென்று யான் சொல்லேன். அதன் உயரத்திலே ஐந்தடி குறைத்து, மிஞ்சும் பணத்தை இந்நிதிக்கு முதல் வரவாக எழுதும்படி பழைய மாணவர் சங்கச் செயற்குழுவைக் கேட்கின்றேன்.