தாஷ்கந்தின் புட்டியும் நம் படிவம் 13-உம்

2024 பிப்ரவரி இறுதியில் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கந்து நீதிமன்றம் 23 பேருக்கு இரண்டு ஆண்டு முதல் இருபது ஆண்டு வரை சிறைத் தண்டனை விதித்தது. டாக்-1 மேக்ஸ் இருமல் சிரப் குடித்து இறந்த 68 குழந்தைகளின் குடும்பங்களுக்கு இழப்பீடும் உண்டு. இருபது ஆண்டு பெற்றவர், சிரப்பை அங்கே விநியோகித்த நிறுவனத்தின் நிர்வாகி, இந்தியர். உரிமம் கொடுத்த அதிகாரிகளும் தண்டனைப் பட்டியலில் இருக்கிறார்கள். சிரப் காய்ச்சியது நொய்டாவில். அந்த ஆலையின் உரிமம் 2023 மார்ச்சில் ரத்தானது, மூன்று ஊழியர்கள் கைதானார்கள். எடுத்த 36 மாதிரிகளில் 22 தேறவில்லை. நம் பக்கத்துக் கணக்கு இவ்வளவுதான்.

எனவே இப்போது ஒரு நிலைப்பாடு எடுத்தாக வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக் கூட்டங்களில் கேட்கும் குரல், இந்தியா மெடிகிரைம் உடன்படிக்கையில் சேர வேண்டும் என்பது. 2011-இல் மாஸ்கோவில் கையெழுத்துக்குத் திறந்து, 2016 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள போலி மருந்துக் குற்றங்களுக்கான ஐரோப்பிய கவுன்சிலின் உடன்படிக்கை அது. சேரலாம், இந்த இதழுக்கு ஆட்சேபம் இல்லை. 2008-இல் பிரேசிலுக்குப் போன இந்திய லோசார்டான் மருந்தைக் காப்புரிமையைக் காட்டி ஆம்ஸ்டர்டாமில் மடக்கியதை மறக்காதவர்களுக்கு ‘கவுன்டர்ஃபீட்’ என்ற சொல்லே கசக்கும். அந்தக் கசப்பு நியாயமானதுதான். ஆனால் மெடிகிரைம் காப்புரிமைப் பக்கமே போகவில்லை. முக்கியமாக அடையாளத்திலும் மூலத்திலும் பொய் சொல்வதைத்தான் குற்றமாக்குகிறது.

சிக்கலே அங்குதான். டாக்-1 மேக்ஸ் புட்டியில் அடையாளப் பொய் எதுவும் இல்லை. உரிமம் பெற்ற ஆலை தன் சொந்தப் பெயரில் விற்ற சரக்கு. அந்த லேபிளில் கியூஆர் கோடு இருந்திருந்தாலும் ‘அசல்’ என்றே காட்டியிருக்கும். பொய் ஒரு படி முன்னால், துணைப்பொருளான புரோப்பிலீன் கிளைகோல் டிரம்மில் நடந்திருக்கலாம். உடன்படிக்கையின் 5-ஆம் பிரிவு துணைப்பொருள்களையும் சேர்த்துக்கொள்வதால் அந்த வழியாக நுழைய இடம் உண்டு. நம் 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 17ஏ-க்கு அந்தச் சுற்றும் தேவையில்லை. நச்சுப்பொருள் கலந்தால் கலப்படம். 27(ஏ)-இல் பத்து ஆண்டு முதல் ஆயுள் வரை. தண்டனைக்கு நம்மிடம் பஞ்சம் இல்லை.

பஞ்சம் சாட்சியத்தில். 27(ஏ)-ஐ இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அந்த மருந்து கலப்படமாக இருந்த ஒரே காரணத்தால் மரணமோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்று காட்ட வேண்டும். அதைக் காட்டும் கேஸ் ஷீட், சிறுநீரகம் செயலிழந்த குறிப்பு, பாதி தீர்ந்த புட்டி எல்லாம் குழந்தைகள் இறந்த சமர்கந்தில் இருக்கின்றன. நொய்டாவில் எடுத்த மாதிரிக்கு அரசு பகுப்பாய்வாளரின் அறிக்கையான படிவம் 13 உண்டு. குழந்தை குடித்த புட்டிக்குக் கிடையாது. 23-ஆம் பிரிவுப்படி நம் ஆய்வாளர் படிவம் 17 கொடுத்து, பங்குகளாகப் பிரித்து, அரக்கு முத்திரை வைத்து, படிவம் 18-ஓடு அனுப்பியதைத்தான் 25(3) சாட்சியமாக ஏற்கிறது. தாஷ்கந்து ஆய்வகம் எத்தனை நேர்த்தியாகச் சோதித்திருந்தாலும் நம் நீதிமன்றத்தில் அது இன்னொருவர் சொன்ன சேதி.

உஸ்பெகிஸ்தானோடு நமக்குக் குற்றவியல் பரஸ்பர உதவி ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி சாட்சியம் கேட்டு வாங்கலாமே என்பீர்கள். யார் கேட்பது? அசோக்குமார் சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது நம் எல்லாருக்கும் மனப்பாடம்: நான்காம் அத்தியாயக் குற்றங்களில் காவல்துறை எஃப்.ஐ.ஆர். போட முடியாது, 32-ஆம் பிரிவில் சொன்னவர்தான் வழக்குத் தொடர வேண்டும். சரி, மருந்து ஆய்வாளர்களான நாம்தான். ஆனால் வெளிநாட்டுக்கு லெட்டர் ரொகேட்டரி என்ற வேண்டுகோள் கடிதம் அனுப்பும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 166ஏ, ‘புலன்விசாரணை அதிகாரி’யின் மனுவைக் கேட்டது. புலன்விசாரணை என்றால் காவல் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் அதிகாரம் கொடுத்தவர் நடத்துவது. மருந்து ஆய்வாளர் இதில் யார்? பண மோசடித் தடுப்புச் சட்டம் 57, 58 பிரிவுகளில் தனக்கென்று வழி செய்துகொண்டது. 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. 2024 ஜூலை 1 முதல் 166ஏ புதிய சட்டத்தில் 112 ஆனது. எண்தான் மாறியது, நம் இடம் அப்படியே.

விளைவைப் பாருங்கள். 2024 ஜூன் வரை நடந்த குற்றங்களில் காவல்துறை கையில் மிஞ்சுவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 274 முதல் 276 வரை. உத்தரப் பிரதேசம்போல் மாநிலத் திருத்தம் செய்த இடங்கள் நீங்கலாக, ஆறு மாதமும் ஆயிரம் ரூபாயும்! வெளிநாட்டுக் கதவைத் தட்டும் அதிகாரம் சந்தேகமின்றி உள்ளவரிடம் ஆறு மாத வழக்கு. ஆயுள் தண்டனை வழக்கு உள்ளவரிடம் அந்த அதிகாரம் உண்டா என்பதே வாதம்.

இதை நான் பல ஆண்டுகளாக எழுதிவருகிறேன், சலிப்பாகக்கூட இருக்கலாம். காரணம் உண்டு. பணியில் இருந்தபோது ஒரு வெளிநாட்டுப் புகார் என் மேசைக்கு வந்தது. புறப்பட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. நகலின் நகலின் நகல். ஆய்வறிக்கை நான் படிக்கத் தெரியாத மொழியில், மொழிபெயர்ப்பு இணைக்கவில்லை. பேட்ச் எண்ணின் கடைசி இலக்கம் 3-ஆ 8-ஆ என்று பூதக்கண்ணாடி வைத்தும் பிடிபடவில்லை. ஆலைக்குப் போனால் இரண்டு பேட்சும் எப்போதோ கப்பல் ஏறிவிட்டன. மிச்சம் இருந்தது ஆலை தன்னிடம் எடுத்துவைத்த கன்ட்ரோல் சாம்பிள் மட்டும். குளிரூட்டிய அறையில், தூசி படாமல், கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. இரண்டையும் எடுத்தேன். இரண்டும் தேறின. ‘புகார் நிரூபிக்கப்படவில்லை’ என்று எழுதியது என் கைதான். யாருடைய குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று அந்தக் கோப்பில் ஒரு வரி இல்லை. புகாரில் சொன்ன புட்டியைக் கேட்டு எழுத வேண்டும் என்று மேலே குறிப்பு வைத்தேன். ‘நடைமுறையில் இல்லை’ என்று பென்சிலில் எழுதித் திரும்பி வந்தது.

அதே கதைதான் 2022-இல் இந்தியச் சிரப் போன காம்பியா விஷயத்தில் பெரிய அளவில் நடந்தது. குழந்தைகள் இறந்த ஊரின் புட்டியில் டைஎத்திலீன் கிளைகோல் நஞ்சு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் அக்டோபரில் எச்சரித்தது. டிசம்பரில் தில்லி, ஆலையில் இருந்த கன்ட்ரோல் சாம்பிள் தரமாக இருப்பதாகப் பதில் எழுதியது. இரண்டு அறிக்கையும் தத்தம் புட்டியைப் பற்றி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை, அலமாரியில் இருந்த புட்டியைக் காட்டி வீட்டில் இருந்த புட்டிக்குப் பதில் சொல்வதை எந்த அகராதியில் ஒத்துழைப்பு என்பது? நாங்கள் சில்லறைக் கடையில் குளிர்பெட்டியின் வெப்பப் பதிவேட்டில் ஒரு நாள் விட்டுப்போனால் மெமோ கொடுக்கிறோம். எங்களுக்கும் மெமோ வருகிறது. மேலிடத்துக்கு யார் மெமோ கொடுப்பது?

நியாயமாகச் சொல்ல ஒன்று உண்டு. 2023 ஜூன் முதல் ஏற்றுமதி இருமல் சிரப்புக்கு முன்கூட்டியே ஆய்வகச் சான்று கட்டாயமானது. நல்லதுதான். வியட்நாமுக்குத் தரமற்ற ரானிடிடின் அனுப்பிய வழக்கில் சோனிபட் நீதிமன்றம் 2023-இல் இரண்டரை ஆண்டு சிறை விதித்ததும் உண்மை. அங்கிருந்து புகார் வந்து தீர்ப்பு வர ஏறக்குறைய ஒன்பது ஆண்டு. இந்த வேகத்தில் சமர்கந்து வழக்குக்கு முடிவு வரும்போது அந்தக் குழந்தைகளின் தம்பி தங்கைகள் பள்ளி மேல்வகுப்பில் இருப்பார்கள்.

இதழின் நிலைப்பாடு இது. உடன்படிக்கைக்கு முன்னால் இரண்டு திருத்தங்கள் வேண்டும். அயல்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு முறைப்படி எடுத்து முத்திரையிட்ட மாதிரியை நம் அரசு பகுப்பாய்வாளர் சோதிக்கவும், அந்த அறிக்கை 25-இன் கீழ் ஏற்கப்படவும் ஓர் உட்பிரிவு. எதிர்த்தரப்புக்கு அறிக்கையை மறுக்கும் 28 நாள் உரிமையும் மத்திய மருந்து ஆய்வகத்துக்கான மேல்முறையீடும் அப்படியே இருக்கட்டும். அடுத்தது, 22-ஆம் பிரிவில் ஆய்வாளர் தன் பெயரிலேயே வெளிநாட்டு வேண்டுகோளுக்கு மனுச் செய்ய ஒரு வரி.

அதுவரை களத்தில் இருக்கும் சகாக்களுக்கு: அயல்நாட்டு எச்சரிக்கை வந்து ஆலைக்குப் போனால், கன்ட்ரோல் சாம்பிள் அறைக்கு முதலில் போகாதீர்கள். அவர்கள் உங்களை அங்கேதான் அழைத்துப்போவார்கள். மூலப்பொருள் கிடங்குக்குப் போங்கள். கிளைகோல் டிரம்மில் மாதிரி எடுங்கள். வாங்கிய பில்லையும் விற்றவரின் ஆய்வுச் சான்றையும் பேட்ச் எண்ணோடு பொருத்திப் பாருங்கள். டிரம்மின் லேபிளை ஓரத்தில் நகத்தால் லேசாக உரித்துப் பாருங்கள். அடியில் இன்னொரு லேபிள் இருந்தால், எதையும் தொடும் முன் படம் எடுத்துவிட்டுப் பறிமுதல் ரசீதான படிவம் 16-ஐ எழுதத் தொடங்குங்கள்.