நெய்யில் வெந்த லாஜிக்

சுசீந்திரம் கோயிலில் அந்தக் காலத்தில் கைமுக்கு என்று ஒரு விசாரணை. ஒழுக்கக்கேடு என்று புகார் வந்த நம்பூதிரி, கொதிக்கிற நெய்யில் கையை விட வேண்டும். விதி இதுதான்: 'நிரபராதி என்றால் கை வேகாது.'

இந்த 'என்றால்' இருக்கிறதே, அதற்கு லாஜிக்கில் மெய் அட்டவணை போடுவார்கள். நாலு வரிசை. மூன்றில் விதி பிழைத்துக்கொள்ளும். ஆள் நிரபராதி, ஆனாலும் கை வெந்தது என்ற ஒரே வரிசையில்தான் விதி அவுட்!

ஆனால் கை வெந்ததுமே ஆசாமி 'குற்றவாளி' என்று எழுதிவிட்டால்? அந்த வரிசை கடைசிவரை காலி. விதி தோற்கவே தோற்காது. வேகிறதெல்லாம் கைதான்.

சுவாதித் திருநாள் மகாராஜா (ஆட்சி 1829-1846) கைமுக்கை நிறுத்தினார். 'ஒழுங்கா உழைச்சா புரமோஷன் நிச்சயம்' என்று ஆபீஸில் சொல்கிறார்களே, அதை யார் நிறுத்துவது? புரமோஷன் வரலையா? 'அப்ப நீ ஒழுங்கா உழைக்கலைப்பா!'