பலகையில் நிற்கும் தமிழ்

தைப்பிங் போகிறவர்கள் பலர் ஏரிப் பூங்காவோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து மேற்கே கடலை நோக்கிக் காரை விட்டால் கோல செப்பெத்தாங் வரும். சீனர்கள் அதிகம் வாழும் சிறிய மீன்பிடி ஊர். மீ ஊடாங் சாப்பிடவும், இரவில் படகேறி மின்மினி பார்க்கவும் ஆட்கள் வருகிறார்கள். பக்கத்திலேயே சதுப்புநிலக் காட்டு மரத்தைக் கரியாக்கும் சூளைகள் இருக்கின்றன.

கடைத்தெருவில் ஒரு பழைய பலகை நிற்கிறது. ரயில் இல்லை, தண்டவாளம் இல்லை. நிலையத்தின் பெயர் மிச்சம் இருக்கிறது. ‘போர்ட் வெல்ட்’ என்ற அந்தப் பெயர் ரோமன், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்திலும் இருக்கிறது.

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி ஓடியது இந்த வழியில்தான். தைப்பிங் பக்கத்து ஈயத்தைக் கப்பலேற்ற, சுமார் 13 கிலோமீட்டருக்குப் பாதை போட்டார்கள். அப்போதைய ஆளுநர் ஃபிரெட்ரிக் வெல்டின் பெயரைத் துறைமுகத்துக்கு வைத்தார்கள்.

அதில் தமிழ் எப்படி வந்தது? படிக்க ஆள் இருந்தால்தானே பலகையில் எழுதுவார்கள்! மலாயா ரயில்வேயில் யாழ்ப்பாணத்தார் நிலைய அதிகாரிகளாகவும் கிராணிகளாகவும் இருந்தார்கள். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தைப் பராமரித்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

துறைமுகத்தின் மவுசு போனது, ரயில் நின்றது, ஊரின் பெயரும் மாறியது. பலகை தப்பித்தது. நம் தாத்தா பாட்டி பிறந்த எத்தனையோ தோட்டங்களுக்கு அந்த யோகம்கூட இல்லை. தோட்டம் கைமாறி, லயன் வீடுகள் இடிந்து, அங்கே இப்போது வீடமைப்புப் பகுதி வந்திருக்கும். நம்மவர்கள் அந்த இடத்துக்கு வைத்த தமிழ்ப்பெயர் பெரியவர்கள் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டுக் கேளுங்கள்: “பாட்டி, உங்க தோட்டத்தை நம்ம ஆளுங்க என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க? திருவிழாவை யார் எடுத்து நடத்தினாங்க? எந்தக் கடையில பற்று வச்சீங்க?” பதில்களைப் பிள்ளைகளும் கேட்கட்டும். பலகை ஊர்ப்பெயரை மட்டும்தான் சொல்லும். அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றிப் பாட்டிதான் சொல்ல வேண்டும்.