ரசிகன் எந்தக் கட்சி?

உலகக் கிண்ணப் போட்டித் தொடர் ஒன்று தொடங்கிவிட்டால், நம் மலைநாட்டு இல்லங்களில் பொழுதைக் கணக்கிடும் முறையே மாறிவிடுகின்றது. காலைப் பெரட்டு, கொழுந்து நிறுவை, மாலைத் தேநீர் என்று ஓடிக்கொண்டிருந்த நாள், அப்பொழுது ஓவர்களாலும் விக்கெட்டுகளாலும் அளக்கப்படுகின்றது. கடைவீதியிலும், கோயில் வாசலிலும், புகையிரதத்துக்காகக் காத்திருக்கும் மேடையிலும் அதே பேச்சு. அந்தப் பேச்சினூடே ஒரு கேள்வியும் தவறாமல் எழுகின்றது: "நீர் எந்தக் கட்சி?"

வேறு ஊர்களில் இது வெறும் விளையாட்டுக் கேள்வி. கொழும்பிலிருந்து பதுளை செல்லும் பாதையில் ஹட்டனுக்கு முந்திய நிலையமாகிய றொசல்லையிலும், அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும், இலங்கையும் இந்தியாவும் மோதும் நாளில் இக்கேள்விக்கு வேறொரு கனமும் சேர்ந்துவிடுகின்றது. கேட்பவர் சிரித்துக்கொண்டே கேட்கலாம். பதில் சொல்பவர் ஒரு கணம் யோசித்தே சொல்கின்றார். அந்த ஒரு கண யோசனையைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணுகின்றேன்.

முதலில் மாணவ நேயர்களுக்காகச் சிறிது சரித்திரம். ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் ஒருநாள் ஆட்டம் வயதில் மிக இளையது. 1971ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், மெல்பேர்ண் நகரில் டெஸ்ட் ஆட்டமொன்று மழையால் கெட்டுப்போக, ஏமாந்த பொதுமக்களைத் திருப்திப்படுத்தும் பொருட்டு அவுஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் ஒரே நாளில் முடிவு காணும் ஆட்டமொன்றை ஆடின. அதுவே முதலாவது சர்வதேச ஒருநாள் ஆட்டம். 1975இல் இங்கிலாந்தில் முதலாவது உலகக் கிண்ணத் தொடர் நடந்தது. பங்குபற்றிய 8 அணிகளுள் டெஸ்ட் அந்தஸ்துப் பெறாத இலங்கையும் ஒன்று. லண்டன் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியர் 328 ஓட்டங்களைக் குவித்தனர். ஜெப் தொம்சனின் வேகப்பந்தில் அடிபட்டு நம்மவர் இருவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆயினும் எஞ்சியோர் அஞ்சி ஒதுங்கவில்லை. 4 விக்கெட்டுகளை மட்டும் இழந்து 276 ஓட்டங்களை எடுத்தனர். தோல்விதான். ஆனால் பின்னாளில் வந்த வெற்றிக்கு அந்தத் தோல்வி வித்து என்றால் மிகையாகாது.

அந்த வெற்றி 1996இல் வந்தது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்திய தொடர் அது. அதற்குச் சில நாட்களுக்கு முன், ஜனவரி 31ஆம் நாள், கொழும்பில் மத்திய வங்கி மீது குண்டுத்தாக்குதல் நடந்து பெருந்தொகையான உயிர்கள் அழிந்தன. அச்சங்காரணமாக அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. அவ்வேளையில் ஓர் அரிய காரியம் நடந்தது. இந்திய வீரர்களும் பாகிஸ்தான் வீரர்களும் ஒரே அணியாகச் சேர்ந்து, பெப்ரவரி 13ஆம் நாள் கொழும்பு பிரேமதாச மைதானத்துக்கு வந்து இலங்கை அணியோடு நல்லெண்ண ஆட்டமொன்று ஆடினர். அஸாருதீனும் டெண்டுல்காரும் வசீம் அக்ரமும் ஒரே கட்சியில் நின்றனர். ரசிகன் எந்தக் கட்சி என்ற கேள்விக்கு, தொடர் தொடங்குமுன்பே வீரர்கள் அளித்த விடையாக அதனைக் கொள்ளலாம்.

அந்நாளில் நம் தோட்டங்களில் மின்சாரம் எல்லா லயன்களுக்கும் எட்டியிருக்கவில்லை. வானொலிப் பெட்டியே பலருக்குத் துணை. தொலைக்காட்சி உள்ள வீட்டின் வாசலில் செருப்புகள் குவிந்துகிடக்கும். வெளியே பனியும் குளிரும். உள்ளே காலை மடக்கவும் இடமிராது. ஆட்டவிதி அறியாத பாட்டிமாரும் "யாரு ஜெயிக்கிறது?" என்று வினவிக்கொண்டே அமர்ந்திருப்பார்கள்.

பார்த்தவர்கள் கண்டது முற்றிலும் புதியதொரு ஆட்டம். முதல் 15 ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு காவலர்களே நிற்கலாம் என்பது விதி. மற்ற அணிகள் அந்நேரத்தில் விக்கெட்டைக் காத்து நிதானமாக ஆடிய காலம் அது. சனத் ஜயசூரியவும் ரொமேஷ் களுவிதாரணவும் அந்த இடைவெளியையே தமக்கு வாய்ப்பாக்கி, முதற்பந்திலிருந்தே அடித்தாடினர். கண்டி அஸ்கிரிய மைதானத்தில் கென்யாவுக்கு எதிராக 5 விக்கெட் இழப்புக்கு 398 ஓட்டங்கள். அன்று அது உலகச் சாதனை. பைசலாபாத் கால் இறுதியில் இங்கிலாந்தின் 235ஐ எட்டிப்பிடிக்க 41 ஓவர்கள்கூடத் தேவைப்படவில்லை; ஜயசூரிய 44 பந்துகளில் 82 ஓட்டங்கள் எடுத்தார்.

பெரியோர் மட்டுமல்லர், சிறியோரும் வெல்லலாம் என்பதற்கு அத்தொடரில் இன்னொரு சான்றும் உண்டு. பெப்ரவரி 29ஆம் நாள் பூனாவில், கென்யா 166 ஓட்டங்களே எடுத்தது. இரண்டு முறை உலகக் கிண்ணம் வென்ற மேற்கிந்தியத் தீவுகள் 93 ஓட்டங்களுக்குள் சுருண்டது.

பின்னர் மார்ச் 13ஆம் நாள் வந்தது. கல்கத்தாவில் அரை இறுதி. எதிரெதிரே இந்தியாவும் இலங்கையும்.

அந்த ஆட்டம் மலையக வீடுகளில் எப்படிப் பார்க்கப்பட்டது என்பதை உணர, சற்றுப் பின்னோக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், 975,000 மக்களின் தலைவிதி எண்களாக எழுதப்பட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவோம் என்று ஒத்திவைக்கப்பட்டது. 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை நம் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தார்கள். இப்பெயருக்கு விளக்கம் தேவையில்லை.

ஆகவே, "எந்தக் கட்சி?" என்ற வினா நம் பெரியோருக்குப் புதியதன்று. அதனை அவர்களிடம் முதலிற் கேட்டவை அரசாங்கப் படிவங்கள். அன்று எழுதிய விடைக்கேற்பக் கப்பல் ஏறியவர்களும் உண்டு. லயனிலேயே தங்கியவர்களும் உண்டு. நாடற்றவராக எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. தமிழர் என்றால் நடுவழியில் அடையாள அட்டையைக் கேட்கும் காலமாகவும் 1996 இருந்தது. இத்தகைய மக்களிடம் விளையாட்டின் பெயரால் மீண்டும் அதே கேள்வியைக் கேட்கும்போது, விடை சற்றுத் தயங்கி வருவதில் வியப்பென்ன?

எனக்குத் தெரிந்த வீடொன்றில் நடந்த உரையாடல் இது. பேரன் கேட்டான்: "தாத்தா, நீங்க எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும் நம்ம ஆளுகதான்டா. நல்லா ஆடுறவன் ஜெயிக்கட்டும்" என்றார் கிழவர். அவருடைய தம்பி குடும்பத்தோடு கப்பலேறித் தமிழ்நாட்டுக்குச் சென்றவர்.

"அப்படிச் சொன்னா எப்படித் தாத்தா? நம்ம முரளி ஆடுறாருல்ல!" என்றான் பையன்.

பையன் சொன்னதில் ஆழ்ந்த பொருள் இருந்தது. முத்தையா முரளிதரன் 1972இல் கண்டியிற் பிறந்தவர். அவருடைய பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வந்தவர். பிற்காலத்தில் அவர் தம் புதல்வியருடன் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பிவிட்டார். புதல்வர்கள் இந்நாட்டிலேயே தங்கினர். நம் அயலில் எத்தனையோ குடும்பங்களுக்கு நேர்ந்த அதே பிரிவு. தந்தையார் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்த, மைந்தன் புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்று, பயிற்றுநரின் ஆலோசனைப்படி பதினான்காம் வயதில் வேகப்பந்தை விட்டுச் சுழற்பந்துக்கு மாறினார். 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ணில், அவர் பந்தை எறிகின்றார் என்று நடுவர் டரல் ஹெயர் ஏழு முறை தவறு கூறினார். அந்த வேதனை ஆறுவதற்குள் உலகக் கிண்ணம் வந்துவிட்டது. அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரைக் கைவிடவில்லை. தொடர்ந்து பந்தை அவரிடம் கொடுத்தார். தோட்டத்து வம்சத்தில் வந்த ஒரு தமிழ் இளைஞன் இலங்கைச் சட்டை அணிந்து பந்து வீசுவதைக் கண்ட சிறுவன், "நம்ம முரளி" என்று சொல்லும்போது, முரளியோடு சேர்த்துத் தன்னையும் இந்நாட்டுக்கு உரியவனென்று சொல்லிக்கொள்கின்றான்.

அப்படியானால் கிழவர் சொன்னது பிழையா? அன்று. தாத்தாவின் அன்பு கடல் கடந்து போன தம்பியைத் தேடியது. பேரனின் அன்பு கண்ணெதிரே உள்ள வீரனைத் தேடியது. ஒன்றுக்காக மற்றொன்றைக் குற்றஞ்சாட்டுதல் தகாது. பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிட் என்பார் 1990இல், ஆசிய நாடுகளிலிருந்து குடியேறியோர் கிரிக்கெட்டில் எந்த நாட்டுக்குக் கரகோஷம் செய்கின்றனர் என்பதைக் கொண்டு அவர்களுடைய விசுவாசத்தை அளக்கலாம் என்ற கருத்தை வெளியிட்டார். இதற்குக் 'கிரிக்கெட் பரீட்சை' என்றே பெயர் வந்து, கடுங்கண்டனமும் எழுந்தது. உழைத்து வரி செலுத்திச் சட்டத்துக்கு அமைந்து வாழ்பவன் தன் விசுவாசத்தை மைதானத்தில் மறுபடியும் நிரூபிக்க வேண்டியதில்லை. தேயிலைச் செடியின் கீழ் மூன்று நான்கு தலைமுறையாக வியர்வை சிந்தியவர்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

கல்கத்தா ஆட்டம் என்னவாயிற்று? முதல் ஓவரிலேயே ஜயசூரியவும் களுவிதாரணவும் வீழ்ந்தனர், ஓட்டம் 1. அரவிந்த டி சில்வா 47 பந்துகளில் 66 எடுத்து நிலைமையை மாற்றினார். இலங்கை 251. இந்தியா 1 விக்கெட்டுக்கு 98 என்றிருந்து, டெண்டுல்கார் 65 ஓட்டங்களோடு வெளியேறியதும் சரிந்து, 8 விக்கெட்டுக்கு 120 ஆயிற்று. பொறுக்க இயலாத பார்வையாளர் போத்தல்களை எறிந்தனர், ஆசனங்களுக்குத் தீயிட்டனர். மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் ஆட்டத்தை நிறுத்தி, வெற்றியை இலங்கைக்கு வழங்கினார். அன்று அந்த மைதானத்தில் கட்சி இருந்தது, ரசனை மறைந்தது. தன் அணி வெல்லும்வரை மட்டும் ஆட்டத்தை நேசிப்பவனை ரசிகன் என்பது எங்ஙனம்?

நான்கு நாட்களின் பின், மார்ச் 17ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, லாகூரில் இறுதியாட்டம். அதற்கு முந்திய ஐந்து இறுதியாட்டங்களிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. ரணதுங்க அதனைப் பொருட்படுத்தாது, நாணயச் சுழற்சியில் வென்றும் எதிரணியை ஆடவிட்டார். அவுஸ்திரேலியா 241. முரளிதரன் 10 ஓவர்களில் 31 ஓட்டங்களே கொடுத்து ஒரு விக்கெட்டைப் பெற்றார். இலங்கை 23 ஓட்டங்களில் இரு விக்கெட்டுகளை இழந்தபோது எத்தனை வீடுகளில் மூச்சு நின்றிருக்கும்! அரவிந்த ஆட்டமிழக்காமல் 107, அசங்க குருசிங்க 65, ரணதுங்க ஆட்டமிழக்காமல் 47. மூன்றே விக்கெட் இழப்பில் கிண்ணம் இலங்கையுடையதாயிற்று. தம் நாட்டு அணி கால் இறுதியிலேயே தோற்றிருந்தும், லாகூர் மக்கள் இலங்கைக்காக ஆரவாரித்தார்கள். ஒருவன் இன்னொரு நாட்டுக்காக மகிழ்வதில் யாதொரு துரோகமும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

2011 ஏப்ரல் 2ஆம் நாள் பம்பாயில் அதே கேள்வி மீண்டும் வந்தது. இம்முறை இறுதியாட்டத்திலேயே இந்தியாவும் இலங்கையும் மோதின; இந்தியா வென்றது. அதுவே முரளிதரனின் கடைசிச் சர்வதேச ஆட்டமுமாயிற்று. டெஸ்டில் 800, ஒருநாள் ஆட்டங்களில் 534 என்று அவர் எடுத்த விக்கெட்டுகளின் எண்ணிக்கையை இதுவரை எவரும் விஞ்சவில்லை.

இனி, அடுத்த தொடரைப் பின்பற்றப்போகும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். கைத்தொலைபேசியில் ஓட்ட எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு ஆட்டம் பார்த்ததாக எண்ணற்க. ஒரு கொப்பியில் நீங்களே கணக்கெழுதிப் பாருங்கள். 242 ஓட்டங்களை 50 ஓவர்களில் எடுக்க ஓவருக்கு 4.84 வேண்டும், பத்து ஓவர்கள் கழிந்து 40 ஓட்டங்களே கிடைத்திருந்தால், எஞ்சிய 40 ஓவர்களில் அது 5.05 ஆக உயரும். தசமக் கணிதம் இதைவிட இனிமையாக எங்கும் கற்பிக்கப்படுவதில்லை. ஆடும் நகரங்களைத் தேசப்படத்திற் குறியுங்கள், பூகோளமும் வந்துவிடும். பந்தயம் கட்டும் பழக்கத்தை மட்டும் அண்டவிடாதீர்கள். பரீட்சை நெருங்கியிருந்தால் மறுநாட் பத்திரிகையே போதும்.

இல்லத்தலைவர்களுக்கும் ஒன்று. பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்துத் திரும்பும் தாய்க்கும் தங்கைக்கும் அடுப்படியிலிருந்து ஆரவாரத்தைக் கேட்கும் பங்கு மட்டும் போதாது. அன்றைய சமையலை நால்வரும் சேர்ந்து முடித்தால், நால்வரும் சேர்ந்தே அமரலாம். ஆட்டவிதியை அவர்களுக்கு ஒருமுறை பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள். மறுமுறை அவர்கள் உங்களுக்குச் சொல்லித்தருவார்கள்.

அயலவர் எந்த அணிக்குக் கை தட்டினாலும் முகஞ்சுளியாதீர்கள். உங்களிடம் எவரேனும் "எந்தக் கட்சி?" என்று கேட்டால், விரும்பிய பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அது உங்கள் ரசனையைப் பற்றிய விடை. உங்கள் உரிமையைப் பற்றிய விடையன்று. உரிமை உழைப்பினாலும் பிறப்பினாலும் வந்தது. அதனை எந்த ஆட்டத்தின் முடிவும் கூட்டவோ குறைக்கவோ இயலாது.